பிடி அரிசியும் பள்ளிப் பதிவேடும்



பத்தாண்டு நிறைவு என்பது கணக்குப் பார்க்கும் வேளை. எத்தனை கூட்டங்கள் நடந்தன, எத்தனை நூல்கள் அறிமுகமாயின, எத்தனை பேர் வந்தமர்ந்து கேட்டனர் என்று ஓர் அமைப்பு எண்ணிப் பார்ப்பது இயல்பே. இத்தகைய கணக்கை ஆண்டுதோறும் ஊர் முன்னிலையில் படித்துக் காட்டும் கடமையுடைய நிறுவனம் ஒன்று உண்டு. அது பள்ளிக்கூடம். பந்தல் போட்டு, தோரணம் கட்டி, மாலை வெயில் தணிந்த நேரத்தில் தலைமையாசிரியர் எழுந்து ஆண்டறிக்கை படிக்கும் காட்சி தமிழகத்துச் சிற்றூர்கள் அனைத்தும் அறிந்ததே. "இவ்வாண்டு நம் பள்ளி வளர்ந்தது" என்பதுதான் அவ்வறிக்கைகளின் சாரம்.

அவ்வளர்ச்சியை எதைக் கொண்டு அளப்பது? இக்கேள்வியே இன்றைய உரையின் பொருள். ஆயிரக்கணக்கானோர் பயிலும் நகரத்துப் பெரும்பள்ளிகளை ஒருபுறம் வைத்துவிட்டு, ஊரார் கைகொடுத்து எழுப்பிய சிறிய உயர்நிலைப் பள்ளியை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம்.

கற்பிப்போரைத் தாங்குவது கற்போர் கடமை என்னும் எண்ணம் தமிழர்க்குப் புதிதன்று. ஆசிரியருக்கு இடர் வந்தவிடத்து உதவுதலையும், பொருள் தந்து கற்றலையும் புறநானூற்றில் வலியுறுத்துபவன் ஒரு புலவன் மட்டுமல்லன், முடிமன்னனும் ஆவான். அவன் பாண்டியன் ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன். பிற்காலத்தில் திண்ணைப் பள்ளிகளைப் பேணியவையும் ஊர்களே. நெல்லும் தானியமும் சிறுகாசும் ஆசிரியருக்குக் கூலியாயின. 1822-இல் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ, மாவட்டந்தோறும் உள்ள பள்ளிகளைக் கணக்கெடுக்கப் பணித்தார். மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணாக்கரும் இருப்பதாக அக்கணக்குத் தெரிவித்தது. பள்ளிகள் அத்துணை இருந்தன என்று பெருமை கொள்ளலாம். அம்மாணாக்கருள் பெண் குழந்தைகள் 4,540 பேர் மட்டுமே என்பதையும் அதே கணக்கு சொல்கிறது. பள்ளிக்கு வந்தவர் தொகையை எழுதும்போது வராதவர் யார் என்பதும் தானே எழுதப்பட்டுவிடுகிறது. பள்ளிக் கணக்கின் இயல்பு அது.

திண்ணைப் பள்ளி எண்ணும் எழுத்தும் தந்தது. அதற்கு மேற்பட்ட கல்வி, ஆங்கில ஆட்சியில், நகரங்களுக்கும் மறைப்பணி நிறுவனங்களுக்கும் உரியதாயிற்று. உயர்நிலைப் பள்ளி என்பது வேலைக்கும் வழக்கு மன்றத்துக்கும் நகராட்சிக்கும் செல்லும் வாயில். அவ்வாயில் தமக்கு அடைபட்டிருப்பதைக் கண்ட சமூகங்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், தாமே பள்ளி கட்டத் துணிந்தன. அவற்றுள் சிறந்த எடுத்துக்காட்டு விருதுநகர்.

அன்று அவ்வூருக்கு விருதுபட்டி என்று பெயர். 1923-இல்தான் விருதுநகர் ஆயிற்று. பருத்தி, மிளகாய், எண்ணெய் வித்து என வணிகத்தால் வளர்ந்த ஊர். அங்கு வாழ்ந்த நாடார் சமூகத்தாரிடம் பொருள் இருந்தது; மதிப்பு மறுக்கப்பட்டிருந்தது. கோயில் நுழைவை முன்னிட்டு 1897-இல் கமுதியில் எழுந்த வழக்கும், 1899-இல் சிவகாசியில் மூண்ட கலவரமும் அக்காலத்தின் கொதிப்பைக் காட்டுவன. இந்நிகழ்ச்சிகளுக்குச் சில ஆண்டுகள் முன்னரே, 1889-இல், விருதுபட்டியின் உறவின்முறையார் சத்திரிய வித்தியாசாலையைத் தொடங்கிவிட்டனர்.

பள்ளிக்குப் பொருள் சேர்ந்த முறையைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். வணிகர்கள் தாங்கள் வாங்கி விற்கும் சரக்கின் மீது மூட்டைக்கு இவ்வளவு என்று தமக்குத் தாமே விதித்துக்கொண்ட பொதுவரி மகமை. அது கடைத்தெருவின் பங்கு. வீடுகளின் பங்கு பிடி அரிசி. அரிசியை உலையில் இடுமுன் ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டு வைப்பர். அவ்வாறு சேர்ந்ததைத் திரட்டி விற்ற பணம் பள்ளிக்குப் போகும். இதனாலேயே அப்பள்ளியைப் பிடி அரிசிப் பள்ளி என்று வழங்கினர்.

மகமையை விடப் பிடி அரிசியே எண்ணிப் பார்க்கத் தக்கது. மகமை ஆடவர் கையிலிருந்து வருவது. வணிகம் நன்றாக இருந்தால் பெருகும், நலிந்தால் சுருங்கும். பிடி அரிசியோ அடுப்படியில் நிற்கும் பெண் நாள்தோறும் எடுத்து வைப்பது. எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார் பலர் அதை எடுத்து வைத்தனர். பள்ளியை அவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை விழாவில் நினைக்கவில்லை. அன்றாடம் உலை வைக்கும்போதெல்லாம் நினைத்தனர். ஒரு நிறுவனம் ஊராருடையது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் இருக்க முடியாது. அவ்வூரில் தழைத்த கல்வி பின்னர்க் கல்லூரியாகவும் விரிந்தது. 1947-இல் செந்திக்குமார நாடார் கல்லூரியும், 1962-இல் வன்னியப்பெருமாள் மகளிர் கல்லூரியும் தோன்றின.

அவையோரே, அப்பள்ளியின் பெருமையைச் சொல்லும் எவரும் அடுத்துச் சொல்லும் பெயர் காமராசர். 1903-இல் விருதுபட்டியில் பிறந்த அவர் அங்கே பயின்றார் என்பது பள்ளிக்கு அழியாப் புகழ். ஆயினும் வரலாற்றை முழுமையாகச் சொல்ல வேண்டும். காமராசர் அப்பள்ளியிலிருந்து தேறி வெளிவந்தவர் அல்லர், இடையில் நின்றவர். ஆறு வயதில் தந்தை குமாரசாமியை இழந்தார். தாய் சிவகாமி அம்மையாரும் தங்கை நாகம்மாளும் கொண்ட குடும்பம் வறுமையுற்றது. ஆறாம் வகுப்பு அளவில் படிப்பு முடிந்தது. மாமன் கருப்பையாவின் துணிக்கடையில் வேலைக்கு அமர்ந்தார்.

ஊரே பிடி அரிசி கொடுத்து நடத்திய பள்ளி. சொந்த உறவின்முறையின் பள்ளி. வீட்டுக்கு எட்டும் தொலைவில் இருந்த பள்ளி. அப்படிப்பட்ட பள்ளியாலும் அச்சிறுவனை நிறுத்திவைத்துக்கொள்ள இயலவில்லை. இதைக் குறையாகச் சொல்வதற்கில்லை. அக்காலத்தில் எந்தப் பள்ளியும் அதைத் தன் பொறுப்பாகக் கருதியதில்லை. வந்தவருக்குக் கற்பிப்பது பள்ளியின் கடமை. வராமற்போனவரை விதியின் கணக்கில் எழுதுவது உலக வழக்கம். அவ்வாண்டின் அறிக்கையிலும் பள்ளி வளர்ந்தது என்றே எழுதப்பட்டிருக்கும். பதிவேட்டில் ஒரு பெயரின் எதிரே ஒரு கோடு விழுந்திருக்கும். அவ்வளவே.

அக்கோட்டின் பொருளை உணர்ந்தவர் நாட்டை ஆளும் வாய்ப்பைப் பெற்றதுதான் தமிழகத்தின் நற்பேறு. 1954 ஏப்ரல் 13-இல் காமராசர் முதலமைச்சரானார். பாதி நாள் பள்ளி, மீதி நேரம் குடும்பத் தொழில் என்று 1953-இல் வகுக்கப்பட்டிருந்த தொடக்கக் கல்வித் திட்டம் அவ்வாண்டே கைவிடப்பட்டது. ஒரு மைலுக்குள் தொடக்கப் பள்ளி, மூன்று மைலுக்குள் நடுநிலைப் பள்ளி, ஐந்து மைலுக்குள் உயர்நிலைப் பள்ளி என்பது குறிக்கோள் ஆயிற்று. 1956-இல் பகல் உணவுத் திட்டம் தொடங்கிற்று. 1960-இல் சீருடைத் திட்டம் வந்தது. உயர்நிலைப் பள்ளி வரை கட்டணமில்லாக் கல்வி 1960-களின் முற்பகுதியில் படிப்படியாக விரிந்தது. இவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தென்படும். தொலைவு, பசி, கிழிந்த உடை, கட்டணம் ஆகிய இவை ஒவ்வொன்றும் ஒரு சிறுவனின் பெயருக்கு எதிரே கோடு போடும் காரணம். ஒவ்வொரு காரணமாக எடுத்து நீக்கியதே அந்த ஆட்சியின் கல்விப் பணி.

அப்பணியில் பிடி அரிசி மறையவில்லை, உருமாறி நின்றது. பகல் உணவுக்கு ஒரு குழந்தைக்கு ஒரு வேளைக்குப் பத்துக் காசு என்று வகுத்தபோது, அதில் ஆறு காசை அரசு ஏற்றது. நான்கு காசை ஊரார் ஏற்றனர். கல்வி இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு அவர்கள் முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் 1958-இல் அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூரில் தொடங்கின. ஊரார் நிலம் தந்தனர், கட்டடம் தந்தனர், பெஞ்சும் கரும்பலகையும் கடிகாரமும் தட்டும் குவளையும் தந்தனர். இன்று தமிழகத்தில் உள்ள பல சிற்றூர்ப் பள்ளிகளின் சுவர்களில் பதிக்கப்பட்ட கல்வெட்டுகளை நின்று படிப்போர்க்கு அக்காலத்து உள்ளம் புலப்படும். இன்னார் நினைவாக ஓர் அறை, இன்னார் உபயம் ஒரு கிணறு என்று கோயில் திருப்பணி போலவே பள்ளித் திருப்பணியும் நடந்தது.

இனி, இன்றைய நிலைக்கு வருவோம். நடுநிலைப் பள்ளி ஒன்று உயர்நிலைப் பள்ளியாகத் தரம் உயர்வது சிற்றூருக்குத் திருவிழா. அதற்காக ஊர்ப் பெரியவர்களும் பெற்றோர் ஆசிரியர் கழகத்தாரும் அலுவலகப் படிகளைத் தேய்ப்பர்; நிலம் தேடுவர்; நிதி திரட்டுவர். 1978-இல் மேல்நிலைக் கல்வி முறை வந்தபின், உயர்நிலைப் பள்ளி என்பது பத்தாம் வகுப்போடு நிற்பது. ஆகவே புதிதாகச் சேர்வது ஒன்பதும் பத்தும் ஆகிய இரண்டே வகுப்புகள். அவ்விரண்டு வகுப்புகளுக்கு ஏன் இத்தனை முயற்சி என்று வெளியூரார் கேட்கக்கூடும். ஊராருக்குத் தெரியும்: பிள்ளைகள் உதிர்வது அவ்விடத்தில்தான்.

சட்டத்தின் நிலையையும் பார்க்க வேண்டும். 2009-இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு எட்டாம் வகுப்பு வரை கட்டணமில்லாக் கட்டாயக் கல்வியை உறுதி செய்கிறது. ஒன்பதாம் வகுப்பு அவ்வுறுதிக்கு வெளியே நிற்கிறது. 2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், பதினான்கு வயது நிரம்பாதவரைக் கூலி வேலைக்கு வைக்கலாகாது என்கிறது. பதினான்கு கடந்தவர்க்கோ சுரங்கம், வெடிபொருள் போன்ற ஆபத்தான தொழில்கள் மட்டுமே தடை. ஆக, பள்ளியில் இருத்தும் சட்டம் தன் கையை விடும் அதே வயதில், வேலைக்குப் போகாதே என்று தடுத்த சட்டமும் தன் கையைத் தளர்த்துகிறது. பதினான்கு வயதுப் பிள்ளை நிற்கும் அந்த இடைவெளியில் அதன் கையைப் பற்றிக்கொள்ள இருப்பது ஊரும் ஊர்ப் பள்ளியுமே. சிறிய உயர்நிலைப் பள்ளியின் தேவை இதுதான்.

அந்த இடைவெளியில் விழுவோர் யார்? செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு பெயர்ந்து செல்லும் தொழிலாளியின் மகன் ஒருவன். தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிறுத்தப்படும் மூத்த மகள் ஒருத்தி. பூப்பெய்தியபின், வெகுதொலைவு நடந்து பேருந்து ஏறி வேற்றூர் செல்ல வேண்டும் என்பதால் தடுக்கப்படுபவள் ஒருத்தி. பள்ளியில் தண்ணீரோடு கூடிய கழிப்பறை இல்லாத காரணத்தால் மாதந்தோறும் சில நாள் வராமலிருந்து, பாடம் விட்டுப்போய், பின் வரவே கூசுபவள் ஒருத்தி. எழுத்துக் கூட்டிப் படிக்கும் நிலையிலேயே ஒன்பதாம் வகுப்புக்கு வந்துவிட்டு, வகுப்பறையில் நாள்தோறும் தலைகுனிபவன் ஒருவன். இவர்களுள் எவருடைய பெயரும் ஆண்டு விழா மேடையில் ஒலிப்பதில்லை.

மேடையில் ஒலிப்பது தேர்ச்சி விழுக்காடு. பத்தாம் வகுப்பில் ஐந்து பாடங்கள், ஐந்நூறு மதிப்பெண். பாடத்திற்கு முப்பத்தைந்து பெற்றால் தேர்ச்சி. தேர்வு எழுதியவருள் தேறியவர் எத்தனை பேர் என்பதைக் கொண்டே பள்ளியின் தரம் பேசப்படுகிறது. நூற்றுக்கு நூறு என்னும் பலகை வாயிலில் ஏறினால் ஊர் மகிழ்கிறது. மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்பில் நாற்பது பேர் இருந்தனர் என்று கொள்வோம். ஒன்பதாம் வகுப்புக்கு முப்பத்தேழு பேர் வந்தனர். பத்தாம் வகுப்புத் தேர்வை முப்பத்து மூவர் எழுதினர். அனைவரும் தேறினர். பலகையில் நூறு விழுக்காடு. புறப்பட்ட நாற்பது பேரைக் கொண்டு கணக்கிட்டால் எண்பத்திரண்டரை விழுக்காடு. இரண்டு எண்களும் உண்மையே. ஒன்று தேர்வுக் கூடத்தின் உண்மை. மற்றொன்று ஊரின் உண்மை.

விடுபட்ட எழுவரில் சிலர் மாற்றுச் சான்றிதழ் பெற்று வேறு பள்ளியில் சேர்ந்திருக்கலாம். அவர்களைத் தனியே பிரித்துக் காட்ட வேண்டும். எஞ்சியோர் எங்கே என்பதுதான் கேள்வி. இதனினும் கவலை தருவது ஒன்றுண்டு. விழுக்காட்டின் மீது கொண்ட ஆசையால், தேறமாட்டார் என்று அஞ்சும் பிள்ளைகளை ஒன்பதாம் வகுப்பிலேயே மெல்ல வெளியேற்றும் வழக்கம் சிலவிடங்களில் வேரூன்றியுள்ளது. பெற்றோரை அழைத்து, "வேறு இடத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிச் சான்றிதழைக் கையில் கொடுத்துவிடுவர். பலகை பளபளக்கும். அன்று விருதுபட்டியில் வறுமை போட்ட கோட்டை இன்று பள்ளியே போடுகிறது. ஊர்ப் பணத்தில் எழுந்த பள்ளி ஊர்ப் பிள்ளையை அவ்வாறு விலக்குமாயின், பிடி அரிசி எடுத்து வைத்தவளுக்கு அது சொல்லும் விடை என்ன?

சிறிய பள்ளிக்கு வலிவும் உண்டு, மெலிவும் உண்டு. மெலிவை முதலில் சொல்லலாம். ஐந்து பாடங்களுக்கு ஐந்து பட்டதாரி ஆசிரியர், ஒரு தலைமையாசிரியர் என்ற அளவில் இயங்கும் பள்ளியில் ஓரிடம் காலியானால், ஒரு பாடமே காலியாகிவிடும். பெரிய பள்ளியில் கணித ஆசிரியர் ஒருவர் மாறிச் சென்றால் மற்றொருவர் பகிர்ந்துகொள்வார். சிறிய பள்ளியில் கணிதமே மாறிச் சென்றுவிடும். அப்போது பெற்றோர் ஆசிரியர் கழகம் தற்காலிகமாக ஒருவரை அமர்த்தி, ஊரில் திரட்டிய பணத்தில் ஊதியம் தருவது பல இடங்களில் நடப்பது. அந்தப் பணமும் ஒரு வகையில் பிடி அரிசியே. எனினும் ஆசிரியரை நியமிப்பது அரசின் கடமை என்பதை ஊராரின் நல்லெண்ணம் மறக்கடித்துவிடலாகாது. ஊரார் தருவது அரசு தருவதோடு சேர வேண்டியது. அதற்கு ஈடாக நிற்க வேண்டியதன்று.

வலிவு என்பது அறிமுகம். இருநூறு பிள்ளைகள் உள்ள பள்ளியில் ஒருவன் மூன்று நாள் வராவிட்டால் அது தெரிந்துவிடும். அவன் வீடு எந்தத் தெரு, தந்தை என்ன தொழில், அக்காள் எங்கே பணிபுரிகிறாள் என்பதெல்லாம் ஆசிரியர் அறிவார். வகுப்பாசிரியர் மாலையில் அத்தெரு வழியே நடந்து போய் வாயிலில் நின்று கேட்கலாம். இன்று ஒவ்வொரு மாணவருக்கும் தனி எண் கொடுத்துக் கணினியில் பதிந்து வைக்கிறார்கள். ஒரு பிள்ளை எந்தப் பள்ளியிலும் இல்லை என்பதை அது காட்டிவிடும். ஏன் இல்லை என்பதை அறிய ஒருவர் அந்த வீட்டுக்குச் சென்றாக வேண்டும். சிறிய பள்ளியால் அது இயலும். அந்த வாயிலில் நின்று கேட்கும் ஒரு சொல்லுக்காகவே சிறிய பள்ளிகள் நிலைக்க வேண்டும்.

ஆகவே ஒரு சிற்றூர் உயர்நிலைப் பள்ளி தன் வளர்ச்சியாண்டைக் கொண்டாடும்போது, ஆண்டறிக்கையில் புதிய பகுதி ஒன்றைச் சேர்க்கலாம். ஆய்வகத்துக்கு இத்தனை கருவிகள் வந்தன, நூலகத்தில் இத்தனை நூல்கள் சேர்ந்தன, சுற்றுச்சுவர் இவ்வளவு எழுந்தது என்பன இருக்கட்டும். அவற்றோடு, சேர்க்கை நீக்கல் பதிவேட்டின் நீக்கல் பக்கத்தையும் ஊர் முன் படிக்கலாம். பெயரைச் சொல்லிப் பிள்ளைகளை நாணச் செய்ய வேண்டா. தொகையும் காரணமும் போதும். இத்தனை பேர் நின்றனர், இன்ன காரணத்தால் நின்றனர், அவர்களுள் இத்தனை பேர் திரும்ப வந்தனர் என்று ஒரு தலைமையாசிரியர் மேடையில் சொல்வாராயின் அவ்வூரில் என்ன நிகழும்? பேருந்து இல்லை என்பது காரணமானால் ஊராட்சித் தலைவர் எழுந்து விடை சொல்ல வேண்டியிருக்கும். கழிப்பறை காரணமானால் பள்ளி மேலாண்மைக் குழு விடை சொல்ல வேண்டியிருக்கும். படிப்பு ஏறவில்லை என்பது காரணமானால் ஆசிரியர் விடை சொல்ல வேண்டியிருக்கும். வளர்ச்சி என்ற சொல்லுக்கு அன்றுதான் பொருள் கிடைக்கும். திரும்ப வந்த ஒரு பிள்ளை, முதலிடம் பெற்ற பிள்ளையோடு ஒரே மேடையில் நிற்கும் நாள் அப்பள்ளி உண்மையில் வளர்ந்த ஆண்டின் நாள்.

இவ்விடத்தில் இலக்கிய வட்டத்திற்கும் ஒரு பங்கு உண்டு. வள்ளுவர் பொருட்பாலில் கல்வி என்னும் அதிகாரத்தை வைத்து, அதனையடுத்துக் கல்லாமையை வைத்தார். கல்லாமையோடு நிறுத்திவிடாமல் உடனே கேள்வியை வைத்தார். கற்கும் வாய்ப்பை இழந்தவர்க்கும் கேட்டறியும் வழி திறந்திருக்க வேண்டும் என்பதே அம்முறைவைப்பின் குறிப்பு எனலாம். பத்தாண்டுகளாக இவ்வட்டம் செய்துவருவது கேள்விப் பணி. இதனை ஊர்ப் பள்ளியின் வாயில் வரை நீட்டலாம். மாதம் ஒரு சனிக்கிழமை பிற்பகல், ஒன்பதாம் வகுப்பினரோடு அமர்ந்து ஒரு கதையை வாய்விட்டுப் படிக்கலாம். எழுத்துக் கூட்டத் தடுமாறும் பிள்ளைக்குப் பாடநூலில் கிடைக்காத துணிவு கதையில் கிடைக்கும். இடையில் நின்றவர்களையும் அக்கூட்டத்திற்கு அழைக்கலாம். கதை கேட்க வர மாற்றுச் சான்றிதழ் வேண்டியதில்லை. அவ்வாறு வந்தவருள் ஒருவர் மறுபடியும் வகுப்பறையில் உட்கார மனங்கொண்டால், அதனை இவ்வட்டத்தின் பதினோராம் ஆண்டறிக்கையில் முதல் வரியாக எழுதலாம்.

விருதுபட்டியின் தாய்மார் நாளைக்கு ஒரு பிடி என்று எடுத்து வைத்தனர். இந்த ஊர் மாதத்திற்கு ஒரு பிற்பகலை எடுத்து வைக்க இயலாததன்று. வரும் சூன் திங்களில் பள்ளி திறக்கும். எட்டாம் வகுப்பு முடித்தவர் பட்டியலையும் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தவர் பட்டியலையும் அருகருகே வைத்துப் பார்த்து, விடுபட்ட பெயர்களுக்குரிய வீடுகளுக்குச் செல்ல இருவர் முன்வந்தாலே பணி தொடங்கிவிட்டதாகும்.